காய்ந்த கூடைக்குப் பங்கில்லை

கொரோனா ஊரடங்கில் எனக்குச் சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வீட்டில் இருந்தபடியே மாவட்டச் செய்திகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். நம் வயதுக்காரர்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சம்பளமோ ஓய்வூதியமோ வந்தது, கதவைச் சாத்திக்கொண்டோம்.

அந்த நாட்களில் ஓர் இளம் நிருபர் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு செய்தி அனுப்பினார். காய்ச்சல் பரிசோதனை முகாமுக்கு உப்பளத் தொழிலாளர்கள் வர மறுக்கிறார்கள். வருகிறவர்களும் மாத்திரை போட்டுச் சூட்டைத் தணித்துக்கொண்டு வருகிறார்கள். ‘அறியாமையால் நோயை மறைக்கும் தொழிலாளர்கள்’ என்று தொடங்கியிருந்தார். நான் ‘அறியாமையால்’ என்பதை மட்டும் வெட்டினேன். மறுநாள் போன் செய்து ஏன் என்று கேட்டார். இடம் போதவில்லை என்றேன். விளம்பரம் வராமல் அந்தப் பக்கத்தில் கால்வாசி காலியாகக் கிடந்ததை அவரும் பார்த்திருப்பார்.

அவருக்குச் சொல்லாத காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து விடுமுறை. மரக்காணத்து அளங்களில் உப்பு நன்றாகப் பூக்கும் காலம் அது. பங்குனி, சித்திரை, வைகாசியில் வாரி எடுக்கிற உப்பில்தான் வருஷம் முழுவதற்குமான கூழ் இருந்தது. மழை விழுந்துவிட்டால் பாத்தியெல்லாம் குளம். அந்த மாதங்களில் அளத்தில் இடம் இல்லாதவர்களுக்கு அந்த வருஷமே இல்லை.

அப்பா பாத்தியில் பலகை இழுத்து உப்பு வாருகிறவர். அந்த வருஷம் குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறிப் புண்ணாகி, குழியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, ஆறும்வரை காலைத் தண்ணீரில் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். “உப்பளத்துக்காரனுக்குச் சொல்ற யோசனையைப் பாரு” என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அவருக்கு. நாலு வயிற்றுக்கும் பாடு அம்மாவின் தலைக்கு.

அம்மா சுமை செட்டில் இருந்தாள். பத்துப் பெண்கள் கொண்ட கூட்டம். ஆண்கள் வாரி ஒதுக்குகிற உப்பைக் கூடையில் அள்ளி, வரப்பு வழியே தலையில் சுமந்து போய், மேட்டில் அம்பாரமாகக் கொட்ட வேண்டும். ஈர உப்பு. கூடையின் கண் வழியே உப்புநீர் பிடரியில் இறங்கி முதுகில் ஓடும். சாயங்காலம் அம்மாவின் ரவிக்கை காய்ந்து அட்டைபோல விறைத்திருக்கும். மடக்கினால் மொறுமொறுவென்று சத்தம் வரும். நான் அதை மடக்கி விளையாடுவேன்.

நிறைந்த கூடையைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒருத்தி நின்று கை கொடுக்க வேண்டும். அதனால் செட்டில் எல்லோரும் ஜோடி ஜோடி. அம்மாவின் ஜோடியை நான் சித்தி என்பேன், சொந்தமெல்லாம் கிடையாது. அவளுக்கு ஒன்பது மாதப் பெண் குழந்தை. அளத்தின் ஓரத்தில் ஒரு வேலிக்காத்தான் மரத்தில் சேலைத் தொட்டில் கட்டி அதில் கிடத்தியிருப்பாள்.

செட்டுக்குத் தலைவியாக ஓர் அம்மா இருந்தார். செட்டுக்காரம்மா என்போம். பெருமுக்கல் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அளத்துக்காரரிடம் கூலி பேசுவது, வாங்குவது, பிரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிரிக்கிற முறையைச் சொல்ல வேண்டும். பங்கு ஆளுக்கு அல்ல, கூடைக்கு. வேலை முடிந்ததும் பத்துக் கூடைகளையும் வரப்பின் மேல் வரிசையாகக் கவிழ்ப்பார்கள். அவை வீட்டுக்குப் போவதில்லை. செட்டுக்காரம்மா வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து ஒவ்வொரு கூடையையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் அந்தக் கூடை அன்று சுமந்த கூடை. காய்ந்த கூடைக்குப் பங்கில்லை. சனிக்கிழமை கூலி வரும்போது, அந்த வாரம் எத்தனை நாள் எந்தக் கூடை ஈரம் என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருக வேண்டும். உள்ளே தாளிக்கக் கூடாது. உப்புச் சட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். அம்மை கண்டவருக்குத் தலைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டார் யாரும் அளத்தில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் உப்பு பூக்காது என்பார்கள். கிட்டத்தட்டப் பதினைந்து நாள். நோயை வீட்டோடு நிறுத்த இதைவிடச் சுருக்கமான ஓர் உத்தரவை நான் முப்பது வருஷப் பத்திரிகை வேலையில் படித்ததில்லை.

அந்த உத்தரவில் ஓர் ஓட்டை இருந்தது. பதினைந்து நாள் வராதவள் இடத்துக்கு மாத்தாள் வருவாள். வந்த மாத்தாள் பருவம் முடிகிறவரை போகமாட்டாள். ஆக, வாசலில் வேப்பிலை செருகுகிறவள் பதினைந்து நாள் கூலியை அல்ல, அந்த வருஷத்தையே விட்டுக்கொடுக்கிறாள்.

எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒன்று. புதுச்சேரியில் ஒரு பங்களாவில் வீட்டு வேலைக்குப் பெண் பிள்ளை கேட்கிறார்கள் என்று தூரத்து மாமா ஒருவர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். என்னைக் காட்டி, இவள் ஆறாவது படிக்கப் போகிறாள் என்று அம்மா இரண்டு முறையும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாவது முறை என்ன சொல்வாள் என்பது அவள் கூடையைப் பொறுத்தது. பத்து வயதில் எனக்கே அது தெரிந்திருந்தது.

தம்பிக்கு மூன்று வயது. முதலில் மூக்கு ஒழுகியது, கண் சிவந்தது, உடம்பு கொதித்தது. ஒரு விடியற்காலை, அம்மா வேலைக்குக் கிளம்புகிற நேரம், அவன் காதுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அம்மா சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்பா எட்டிப் பார்த்தார். அதன்பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“வேர்க்குருடி” என்றாள் அம்மா என்னிடம். “யாரு கேட்டாலும் வேர்க்குருன்னு சொல்லு.”

வேப்ப மரம் எங்கள் வாசலிலேயே நின்றது. அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தம்பியின் பாயைச் சுருட்டப் போனபோது அடியில் வேப்பிலைக் கொத்து இருந்தது. உப்புச் சட்டி கொல்லைப்புறத்துக் கல்லின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. உப்பில்லாத கூழைக் குடித்தோம். அளத்திலிருந்து உடம்பெல்லாம் உப்போடு வருகிற அம்மா, இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்ட பிறகுதான் அவனைத் தொட்டாள். எல்லாம் செய்துவிட்டு வாசலை மட்டும் விட்டுவிட்டாயே என்று அப்பா கேட்டார்.

அம்மா சொன்னாள்: “ஆத்தாவுக்குத் தெரிஞ்சா போதும். ஊருக்குத் தெரிய வேணாம்.”

இதை அறியாமை என்று எப்படி எழுதுவது? அறிய வேண்டியது அத்தனையையும் அந்த வீடு அறிந்திருந்தது.

நான்காம் நாள் அப்பா கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மத்தியானக் கஞ்சியை அம்மாவுக்கு எடுத்துப்போவது என் வேலை. அன்று காலையில் அம்மா, இன்றைக்குக் கஞ்சி வேண்டாம், வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். காரணம் சொல்லவில்லை. அம்மா பட்டினியாகச் சுமக்கப் போகிறாள் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. கஞ்சித் தூக்கை ஒரு கையிலும் தம்பியை இடுப்பிலுமாக அளத்துக்குப் போனேன்.

செட்டு தூரத்து வரப்பில் இருந்தது. தம்பி சிணுங்கினான். மரத்தடியில் நிழல் போதவில்லை. சித்தியின் தொட்டிலில், அந்தக் குழந்தையின் பக்கத்தில் அவனைப் படுக்கவைத்து ஆட்டினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்புதான்.

தண்ணீர் குடிக்க முதலில் வந்தவர் செட்டுக்காரம்மா. சித்திரை மத்தியானத்தில் அளத்தில் வெளிச்சம் மேலேயிருந்து மட்டும் வராது, கீழேயிருந்தும் வரும். தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால், எங்கேயும் நிழல் இருக்காது. அவர் ஒரு விரலால் தம்பியின் தாடையை உயர்த்தினார்.

“இன்னா இது?”

“வேர்க்குரு.”

அவர் விரலை எடுத்தார். தம்பியைத் தொட்டிலிலிருந்து தூக்கி என் இடுப்பில் வைத்தார். நேரே வீட்டுக்குப் போ, வழியில் யார் வீட்டு வாசலிலும் நிற்காதே என்றார். அம்மாவை அப்போதே நிறுத்தாமல் சாயங்காலம்வரை சுமக்கவிட்டார். அதனால் அன்றைக்கும் அம்மாவின் கூடை ஈரக் கூடைதான். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்.

வெயில் இறங்கும் நேரத்தில் அம்மாவுக்குப் பத்தடி பின்னால் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். வந்ததும் வேப்ப மரத்தில் கையெட்டும் கிளையொன்றை வளைத்து ஒடித்தார்.

“எத்தினி நாளாச்சு?”

“நாலு” என்றாள் அம்மா.

“கைக்கொழந்தைக்காரி பக்கத்துல நின்னுகினு நாலு நாளா வாயத் தொறக்கல நீ.”

“புள்ளைய நான் தூக்கினு வரலக்கா.” அம்மா வேறெதுவும் சொல்லித் தப்பப் பார்க்கவில்லை. “கட்டாதீங்கக்கா. மாத்தாள் வந்துட்டா மழை வரைக்கும் நான் இன்னா பண்ணுவேன்? இந்தப் பொண்ண எங்க அனுப்புவேன்?”

செட்டுக்காரம்மா கிளையைக் கூரையில் செருகினார். கீற்று பிளக்கிற அளவுக்கு அழுத்திச் செருகினார். தண்ணீர் ஊற்றும்வரை வெளியே வராதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, கட்டுப் போட்ட காலோடு வாசலில் நின்று கிளையை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

எனக்குச் செட்டுக்காரம்மா மேல் வந்த வெறுப்பு இன்றைக்கும் நினைவிருக்கிறது. எங்கள் மரத்தை ஒடித்து எங்கள் வாசலிலேயே கட்டிவிட்டுப் போனவர்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் சவுக்குத் தோப்பு முனைவரை போய் நின்றேன். அளத்தில் கால் வைக்கவில்லை. அங்கிருந்தே வரப்பு தெரியும். அம்மாவின் கூடையை எவ்வளவு தூரத்திலும் அடையாளம் காண முடியும். விளிம்பு கிழியாமலிருக்கப் பழைய சேலையின் நீலக் கரையைச் சுற்றித் தைத்திருந்தாள். அந்த நீல விளிம்புக் கூடை ஒருத்தி தலையில் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து வேறொருத்தி தலையில். அப்புறம் இன்னொருத்தி.

நான் ஓடிவந்து, உன் கூடையில் வேறே ஆளுங்க சுமக்கறாங்க என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா தம்பிக்கு வேப்பங்கொழுந்தால் வருடிக்கொண்டிருந்தாள். கை நின்றது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே அப்பாவிடம், மாமா வந்தால் பேசி முடித்துவிடலாம் என்றாள். பங்களாவில் சாப்பாடு போடுவார்கள் அல்லவா என்றும் கேட்டாள். அப்பா தெரியாது என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் தெருவிலிருந்து செட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. உள்ளே வரவில்லை. “பங்கு வச்சிருக்கேன், எடுத்துக்குங்க” என்றார். குரல் நகர்ந்து போயிற்று. அப்பா நொண்டிக்கொண்டே போய் வேப்ப மரத்தடிக் கல்லின் மேலிருந்து ஓர் இலைப்பொட்டலத்தை எடுத்துவந்தார். பிரித்தால் கூலி. ஒரு வாரத்துக்கு முழுக் கூலி என்று சொல்ல முடியாது, கொஞ்சம் குறைவு. ஆனால் ஆறு நாளைக்கும் இருந்தது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“காஞ்ச கூடைக்குப் பங்கு ஏது?”

“காயல போலக்குது” என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு விளக்கம் கிடைத்தது. செட்டில் ஒருத்தி பிள்ளை பெற்றால் ஒரு மாதம் அவள் கூடையை வரிசையிலேயே நிறுத்திவைப்பார்களாம். மற்ற ஒன்பது பேரும் தினமும் ஆளுக்கு ஒரு நடை அந்தக் கூடையில் சுமந்து அதைக் காயவிடாமல் பார்த்துக்கொள்வார்களாம். சித்தி பிள்ளை பெற்றபோது அவள் கூடையை அம்மாவும் தூக்கியிருக்கிறாள். ஆனால் அம்மை வீட்டுக் கூடைக்கு அப்படிச் செய்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் அம்மாவுக்கே அது தோன்றவில்லை.

பின்னாளில் பத்திரிகையில் சேர்ந்தபோது, கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பத்து வயதில் சவுக்குத் தோப்பு முனையிலிருந்து நான் கண்டதை மட்டும்தான் சொன்னேன். கூடையை வெவ்வேறு பெண்கள் தூக்கினார்கள் என்பது சரி. அதற்கு நான் கொடுத்த தலைப்புதான் தப்பு.

வெள்ளிக்கிழமை விடியற்காலை வரப்பில் நடந்த வாக்குவாதத்தைச் சித்தி பிற்பாடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மை வீட்டுக் கூடையைத் தொட்டால் உப்பு பூக்காது என்று ஒருத்தி ஆரம்பித்திருக்கிறாள். செட்டுக்காரம்மா அவளிடம், “கூடை இங்க இருக்குது. அம்மை போட்டது அவ வூட்டுல. கூடைக்கு எங்கடி முத்து போட்டிருக்குது, காட்டு” என்றிருக்கிறார். கூடையைத் திருப்பித் திருப்பிக் காட்டவும் செய்தாராம். அதற்கு மேல் வாதாட ஆள் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூக்கினார்களாம்.

அளத்துக்காரரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மாத்தாள் வேண்டாம். அம்பாரம் ஏறினால் சரி என்று அளத்துக்காரர் விட்டுவிட்டார். இடம் போய்விடும் என்று பயந்து அம்மையோடு ஆட்கள் வேலைக்கு வந்தால் அளமே படுத்துவிடும் என்று செட்டுக்காரம்மா சொன்னது அவர் காதில் ஏறியிருக்க வேண்டும். அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வாசல்களில் வேப்பிலை தொங்கியது. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் அன்று காலையிலா அம்மை கண்டது? சனிக்கிழமை எங்கள் வீட்டு மரத்தடிக்கு வந்த இலைப்பொட்டலத்தைத் தெருவே பார்த்திருந்தது. அவ்வளவுதான்.

மூன்றில் இரண்டு வீடுகள் எங்கள் செட்டு. ஆக, ஏழு பேர் பத்துக் கூடைகளை நனைத்தார்கள். எல்லோர் பங்கும் சுருங்கியது. எல்லோர் வீட்டுக் கூழிலும் தண்ணீர் கூடியது. ஒருத்தி முணுமுணுத்திருக்கிறாள். என் பிள்ளைகள் நன்றாக இருக்கின்றன, நான் எதற்கு ஊரார் கூடையைச் சுமக்க வேண்டும் என்று. உன் வீட்டுக்கு வந்தால் உனக்கும் தூக்குவோம் என்று செட்டுக்காரம்மா சொல்ல, முதல்ல உன் வாயக் கழுவு என்று அவள் சண்டைக்குப் போய்விட்டாளாம். சண்டை போட்டபடியே தூக்கினாளாம்.

வாசலில் வேப்பிலை தெரிந்ததில் இன்னொரு பயன். சைக்கிளில் வருகிற நர்ஸம்மா அதுவரை வீடு வீடாகக் கேட்டு, எல்லா வீட்டிலும் வேர்க்குரு என்ற பதிலையே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இப்போது கேட்கத் தேவையில்லை. கொப்பு தெரிந்த வீட்டில் இறங்கினார். ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்போல ஒரு மருந்தைக் குழந்தைகள் வாயில் ஒரு கரண்டி ஊற்றினார். கண் கெடாமலிருக்க என்று சொன்னார். தம்பி அதைத் துப்பப் பார்த்தான். அப்பா மூக்கைப் பிடித்தார்.

எல்லா வீட்டுக்கும் இப்படி நடக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு குழந்தை இறந்தது. அந்த வீட்டு மனிதர் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர், தனி ஆள். அவர் கடைசிவரை வாசலில் இலை செருகவில்லை, வேலைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. ஊர் அவரைப் பேசாத பேச்சில்லை. அவருக்காக நனைத்து வைக்க எந்த வரப்பிலும் கூடை இல்லை என்பதை யாரும் பேசவில்லை. நானும் அதை நினைத்துப் பார்த்தது இந்தக் கொரோனாவில்தான்.

பங்களா மாமா மூன்றாவது முறை வந்தார். வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் தெருமுனையிலேயே நின்று குரல் கொடுத்தார். அம்மா உள்ளே இருந்தபடியே, அவ ஆறாவது போறா என்றாள். அவர் பஸ்ஸுக்குத் திரும்பிப் போனார்.

தம்பிக்குப் புள்ளிகள் கறுத்து உதிர ஆரம்பித்தன. முதல் தண்ணீர் ஊற்றினோம், இரண்டாவது ஊற்றினோம். மூன்றாவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது சித்தி வந்தாள். வாசலுக்கு வராமல் எதிர்ப்பக்கம் நின்றாள். இடுப்பில் குழந்தை இல்லை. சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

“உன் வூட்டு வேர்க்குரு என் வூட்டுக்கும் வந்திருச்சு. தெரிஞ்சுக்கோ.”

திரும்பிப் போய்விட்டாள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று முழுக்க அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. கஞ்சி வேண்டாம் என்று சொல்லியும் தூக்கிக்கொண்டு போனவள் நான். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சித்தி புள்ளியைக் கண்ட அன்று காலையிலேயே வாசலில் இலை செருகிவிட்டாள். ஒரு வேளைகூட மறைக்கவில்லை. மறைக்க அவளுக்குக் காரணம் இருக்கவில்லை. அதனால் நர்ஸம்மாவின் கரண்டி மறுநாளே அந்தக் குழந்தையின் வாய்க்குப் போயிற்று. குழந்தை எலும்பும் தோலுமாகி, ஆடி மாதம்வரை தேறாமல் கிடந்து, பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு ஆரோவில்லில் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்கிறாள். நம்மைப்போலக் கண்ணாடியைத் தேடாமல் ஊசியில் நூல் கோக்கிறாள்.

நோய்க்காலத்தில் வீட்டிலிரு என்று சொல்லுகிறவர்கள், வீட்டிலிருப்பவளின் கூடையை யார் நனைப்பது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செட்டுக்காரம்மா இதை இப்படி வாக்கியமாகச் சொன்னதில்லை. எனக்கு இது விளங்கி, நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியபோது அவர் இல்லை. அவர் கையில் கொடுக்க முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மா வேலைக்குத் திரும்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

மூன்றாவது தண்ணீர் ஊற்றிய மறுநாள் விடியலில் அம்மா என்னையும் எழுப்பினாள். எரு அள்ளுகிற சின்னக் கூடையைத் தேய்த்துக் கழுவி என் கையில் கொடுத்தாள். சித்தி முகத்தில் எப்படி விழிப்பது, செட்டு முகத்தில் எப்படி விழிப்பது, இரண்டு தலையாகப் போனால்தான் ஈடாகும் என்று அப்பாவிடம் சொன்னாள். லீவு முடியும்வரைதானே என்று அப்பா கேட்டதற்கு, அப்புறம் பார்க்கலாம் என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெரியவர்கள் வேலைக்குக் கூட்டிப் போகிறார்கள்.

வரப்பில் பத்துக் கூடைகள் கவிழ்ந்திருந்தன. நீல விளிம்புக் கூடை நேற்றைய ஈரத்தில் கனத்திருந்தது. அம்மா அதைத் தொடாமல் தாண்டிப் போய்ச் சித்தியின் கூடையை எடுத்து உப்பு அள்ளி நிரப்பினாள். ஜோடி இல்லை. கூடைக்கு முன்னால் நின்றாள். செட்டுக்காரம்மா வந்து எதிர்ப்பக்கம் பிடித்தார்.

“உன்னுது அங்க இருக்குது.”

“மொதல்ல இதுக்கா. இன்னிக்கிப் பூரா இத நானே நனைக்கறேன்.”

“ஒரு நடை. அவ்ளோதான் உன் பங்கு. மீதி மத்தவங்களுது.” தூக்கி ஏற்றிவிட்டார். அம்மா வரப்பில் நடந்து போனாள். கழுத்து நேராக இருந்தது.

நான் என் கூடையை நீட்டினேன். நானும் சுமக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் அதை வாங்கி அடியைப் பார்த்தார். பிறகு வரப்பில் இருந்த வரிசையைப் பார்த்தார். வீட்டிலிருக்கும் மூன்று பேரின் கூடைகளும் அதில் இருந்தன.

“இந்தச் செட்டுக்குப் பத்து கூடை. பத்தும் இருக்குது. உனக்கு இங்க எடமில்ல, போ.”

எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். யாரோ சிரித்தார்கள். எருக்கூடையை வாங்கிக்கொண்டு அழுதபடியே வீட்டுக்கு நடந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக, அதற்குப் பிறகு அவரை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு வரைக்கும்.